மூன்று அங்குலம்

1. திங்கட்கிழமை, சென்னையில், இரண்டு கண்களுக்கும் லேசர் சிகிச்சை. அதற்கு முன் பவர் இரண்டிலும் மைனஸ் ஏழு.
2. ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினார். ஒரு வாரம் ஓய்வு வேண்டும், ஒரு மாதத்துக்குத் தூசி ஆகாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.
3. ஒன்பதாம் நாளிலிருந்து வலது கண்ணில் கைலென்ஸ் வைத்து வேலை பார்த்தார்.
4. பதினேழாம் நாள் வலது கண் சிவந்தது. நீர் வடிந்தது. வெளிச்சம் கூசியது.
5. பதினெட்டாம் நாள், சிகிச்சையின்போது எழுதிக் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி அதே சொட்டு மருந்து வாங்கிப் போடப்பட்டது.
6. பத்தொன்பது, இருபது: சிவப்பு குறைந்தது. வலி குறைந்தது.
7. இருபத்திரண்டாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. கடுகில் பாதி.
8. இருபத்தைந்தாம் நாள் மாலை வரை வேலை.
9. இருபத்தாறாம் நாள் காலை இங்கே வந்தோம்.

வேலூரில் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில், பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்த பட்டியல் இது. அங்கிருந்த இளம் மருத்துவர், நடந்ததை நாள் வரிசையாகச் சொல்லச் சொன்னார். நான் தோல் தொழில்நுட்பம் படித்தவள். எதைக் கேட்டாலும் எண் போட்டு எழுதித்தான் பழக்கம். நாட்கள் எல்லாம் சரி. ஆனால் இந்தப் பட்டியலில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். மற்றது, இதில் அவள் இல்லை என்பது. அதற்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் அவள் ஃபைனல் டேபிளில் இருந்தாள். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூக்கள் பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக ஒருவர் பார்க்கும் மேஜை அது. நான் அதே கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். தோலை இழுத்துப் பார்ப்பது, மடித்துப் பார்ப்பது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அவள் என்னைவிட நான்கு வயது பெரியவள். ராணிப்பேட்டைக்காரி. மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் மாடியில் ஓர் அறை எடுத்து நாங்கள் இருவரும் மூன்று வருடம் இருந்தோம். எங்கள் லைனில் மூன்று பேரிடம்தான் செல்போன் இருந்த காலம்.

அவள் கண்ணாடி கனமானது. பக்கவாட்டில் பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். அதைப் போடாவிட்டால் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆனால் மேஜைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வாள். ஷூவை எடுத்து முகத்துக்கு நேரே, மூக்கு இடிக்காத குறையாக, மூன்று அங்குலத்தில் பிடிப்பாள். அந்தத் தூரத்தில் அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரிந்ததில்லை. உண்ணி கடித்த புள்ளி, ஆடு முள்வேலியில் உரசி ஆறிய கீறல், ஊசி இரண்டாம் முறை இறங்கிய துளை. ஒருமுறை வெளிநாட்டுக் கொள்முதல்காரர் ஒருவர் அவள் ஒதுக்கிய ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவள் விரலை ஓரிடத்தில் வைத்தாள். அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்து, தலையை ஆட்டி, அந்த ஷூவை அவளிடமே கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது அவர் மேஜையைத் தேடி வந்து கைகொடுத்தார். அவளுக்கு அவர் முகம் தெரியவில்லை. கண்ணாடி பையில் இருந்தது.

பாலிஷ் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் மோப்பம்.

"ஏய், மோப்பம் பாக்குதுடி, ஒழுங்கா தொடைச்சி வை."

அது அவள் காதில் விழும். "மோப்பம் புடிக்கிறது நாயி. நான் கண்ணால பாக்கறேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல பாரு, அதான் இன்னும் பாலிஷ்லயே இருக்க" என்பாள். லைன் முழுக்கச் சிரிக்கும். திட்டு வாங்கிய பெண்ணும் சிரிப்பாள்.

குறை இருக்கும் இடத்தைக் காட்ட எங்களிடம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் உண்டு. நகக்கண் அளவு இருக்கும். அம்பின் முனை குறையைத் தொடும்படி ஒட்ட வேண்டும். அந்த ஸ்டிக்கர் சுருளை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள். எங்கள் அறையில் சுவிட்சுப் பெட்டியின் விரிசலில் ஓர் அம்பு. மாடிப்படிக் கம்பியில் ஆடும் இடத்தில் ஓர் அம்பு. ஒருநாள் நான் கம்பெனி பஸ்ஸில் ஏறியதிலிருந்து பின்னால் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். இறங்கிய பிறகு பார்த்தால் என் சுடிதார் டாப்பில், தையல் விட்ட இடத்தில் அம்பு.

"வாயால சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னா நீ சண்டைக்கி வருவ. அம்பு ஒட்டினா யாரும் சண்டைக்கி வர மாட்டாங்க. போய்த் தச்சிக்குவாங்க."

அவளைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: எந்தக் குறையையும் பார்த்துவிட்டுப் பாராததுபோல் அவளால் போக முடியாது. அது ஒரு கொள்கை இல்லை. தும்மல் மாதிரி. கட்டுப்படுத்த வராது.

அவளைப் பெண் பார்க்க இரண்டு வீட்டார் வந்து போயிருந்தார்கள். பெண் நல்ல பெண், சம்பாதிக்கிற பெண், கண்ணாடிதான் கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வரன் ஆலங்காயம் பக்கம். அவள் அம்மா போட்டோவைத் தபாலில் அனுப்பினார். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளையை மூன்று அங்குலத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு இடது காதில் ஓர் அம்பு ஒட்டி அதே உறையில் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் அம்மா பஸ் பிடித்து எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"இன்னாடி இது? மாப்ள போட்டோவ ரிஜெக்ட் பண்ணி அனுப்பியிருக்க?"

"ரிஜெக்ட் இல்லம்மா. பார்டர்."

"அப்டின்னா?"

"ஒரு காது பெருசு. மத்தபடி பரவால்ல. நீ பாத்து முடிவு பண்ணு."

அம்மா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அந்த வீட்டாரும் பிறகு வரவில்லை.

பார்டர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஷூ மூன்று வகையாகப் பிரியும். பாஸ், பார்டர், ரிஜெக்ட். பார்டர் என்றால் குறை உண்டு, ஆனால் விடலாம், விடாமலும் இருக்கலாம். கன்டெய்னர் கிளம்பும் நாள் தூரத்தில் இருந்தால் பார்டர் எல்லாம் ரிஜெக்ட். நாள் கிட்டே வந்துவிட்டால் பார்டர் எல்லாம் பாஸ். எங்கள் ஊரில் எந்தக் கம்பெனியிலும் இதுதான் வழக்கம். இதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை. ஃபுளோர் மேனேஜர் அவள் மேஜைக்கு வந்து கெஞ்சுவார்.

"பார்டர் தானம்மா. உட்டுடேன். லாரி நிக்குது."

"இங்க பார்டர் சார். கப்பல்ல ஒரு மாசம் போயி எறங்கறப்போ அது ரிஜெக்ட் ஆயிருக்கும். நீங்க கூடப் போயி நிப்பீங்களா?"

அவள் ஒருத்திதான் அப்படிச் சொல்வாள். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே போவார். ஆனால் அவள் கை பட்ட பெட்டிகளிலிருந்து புகார் வந்ததில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

லேசர் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, கல்யாணத்துக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் லைனில் அப்படித்தான் சொன்னாள். என்னிடம் சொன்ன காரணம் வேறு.

"காலைல கண்ண தொறந்தா மேல ஒரு சாம்பல் வட்டம் தெரியுது. அது ஃபேன்னு எனக்கு ஞாபகத்துல தான் தெரியும். ஒருநாளாவது தலமாட்டுல கண்ணாடிய தடவாம அந்த றெக்கைய பாக்கணும்டி."

சென்னையில் இருந்த மருத்துவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். என்ன வேலை என்றும் கேட்டார்களாம். ஷூ கம்பெனியில் குவாலிட்டி என்று சொன்னாளாம். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எத்தனை அங்குலத்தில் பார்ப்பாய் என்று யார் கேட்பார்கள்?

சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் அறைக்குத் திரும்பினாள். மறுநாள் காலை நான் எழுந்தபோது அவள் அசையாமல் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. பயந்துபோய் என்ன என்று கேட்டேன்.

"மூணு றெக்கைல ஒண்ணு துருப்புடிச்சி இருக்குடி. இத்தினி நாள் நீ சொல்லவே இல்லயே?"

நாற்காலி போட்டு ஏறி அந்த றெக்கையில் ஓர் அம்பு ஒட்டினாள். ஃபேன் சுற்றும்போது மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று தெரிந்தது. அதைப் பார்க்கவே அன்று இரண்டு முறை ஃபேனைப் போட்டு நிறுத்தினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறுநாளே வேலைக்குக் கிளம்பினாள். ஒரு வாரம் ஓய்வு என்று சொல்லியிருக்கிறார்களே என்றேன். "நல்லா தெரியுது, இன்னும் இன்னா ஓய்வு?" என்றாள். கம்பெனியில் கன்டெய்னருக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மேஜையில் வேறு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அதுதான் உண்மைக் காரணம்.

மேஜைக்குப் போனதும் பழக்கத்தில் கை முகத்துக்குப் போனது, கண்ணாடியைக் கழற்றி ஏப்ரன் பையில் போட. கண்ணாடி இல்லை. சிரித்துக்கொண்டாள். ஷூவை எடுத்து மூன்று அங்குலத்தில் பிடித்தாள். கொஞ்சம் தள்ளினாள். மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சோதனைக்கூடத்துக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"லேபு, கிட்ட வெச்சா ஏன் கலங்குது?"

என்னை அவள் லேபு என்றுதான் கூப்பிடுவாள். நான் ஒரு காகிதத்தில் கண் வரைந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். மைனஸ் ஏழு கண் என்பது, கிட்டத்துப் பொருளுக்குப் பூதக்கண்ணாடி வைத்த கண் மாதிரி. பவரை எடுத்தால் அந்தக் கண்ணாடியும் சேர்ந்தே போய்விடும். இப்போது அவள் கண் எல்லோருடைய கண்ணையும் போன்றது. மூன்று அங்குலத்தில் எல்லோருக்கும் கலங்கும்.

அவள் காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள். "இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடக் கணக்கு. எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டாம் நாள், அவள் பாஸ் செய்த பெட்டிகளைத் தணிக்கைக்குத் திறந்தபோது மூன்று ஜோடி ரிஜெக்ட் ஆனது. மேனேஜர் அவற்றைக் கொண்டுவந்து மேஜையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் அம்பு. திட்டவில்லை. "ரெஸ்ட் எடுத்துக்கம்மா, வேற ஆளு பாத்துக்கும்" என்றுதான் சொன்னார். பாலிஷ் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலை பஸ்ஸில், "இந்த ஷிப்மென்ட நான் சுத்தமா அனுப்பிக் காட்டலன்னா, அந்த மேஜைக்கி நான் திரும்பி வரவே முடியாது" என்றாள்.

அதனால் மறுநாள் சோதனைக்கூடத்தில் இருந்த கைலென்ஸைக் கொடுத்தேன். கண்குழியில் பொருத்திப் பார்க்கும் வகை, ஓரத்தில் ரப்பர் வளையம் உள்ளது. பூஞ்சை பிடித்த தோலை நான் பார்ப்பதும் அதே லென்ஸால்தான். அந்த மழைக்கு அப்படித் தோல் நிறைய வந்துகொண்டிருந்தது. துணியால் துடைத்துத்தான் கொடுத்தேன். அவள் அதை வலது கண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான ஷூக்களைப் பார்த்தாள். குறைகள் மறுபடி பிடிபடத் தொடங்கின. மேனேஜர் மேஜையைத் தாண்டிப் போகும்போது கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

பதினேழாம் நாள் கண் சிவந்தது.

"சென்னைக்கிப் போலாங்க்கா. நான் லீவு போடறேன்."

"போனா ரெண்டு நாள் போயிடும். தூசி பட்டிருக்கும். அந்தச் சொட்டு மருந்து போட்டப்போ எவ்ளோ குளுகுளுன்னு இருந்துது. அது தீந்துபோச்சி. அதே வாங்கியா."

மறுநாள் அவளுடைய பழைய சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், குப்பியை எடுத்துக் கொடுத்தார். நான் அதனுள் இருக்கும் தாளைக்கூடப் படிக்கவில்லை. கம்பெனிக்கு வரும் ஒவ்வொரு ரசாயனக் கேனின் தாளையும் முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான்.

இரண்டு நாளில் சிவப்பு இறங்கியது. "பாத்தியா?" என்றாள். எனக்கும் நிம்மதி.

இருபத்திரண்டாம் நாள் காலை, வாசல் வெளிச்சத்தில் என்னை நிறுத்தி இமையை விரித்துக் காட்டினாள். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. ஓரம் தெளிவாக இல்லை. பஞ்சு பிரிந்த மாதிரி, இறகின் நுனி மாதிரி. எனக்கு அந்த ஓரம் தெரியும். தோலில் அதைப் பார்த்தால் அடுத்த நிமிடம் அந்தத் தோல்கட்டு முழுவதையும் தனியே எடுத்துவைத்துச் சீட்டு ஒட்டிவிடுவேன். மூன்று வருடமாக நான் பார்த்துச் சம்பளம் வாங்கியது அதைத்தான். ஆனால் கண்ணில் இருந்ததால் எனக்கு அது பூஞ்சையாகத் தெரியவில்லை. ஏதோ தழும்பு, ஆறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி.

"எப்டி இருக்கு?" என்றாள்.

"புள்ளி இருக்குக்கா. இன்னைக்கே காட்டிடலாம்."

அவள் சுவரில் தொங்கிய கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பார்டர்" என்றாள். "இன்னும் மூணு நாள். வியாழக்கெழம கன்டெய்னர் போயிடும். வெள்ளிக்கெழம போலாம்."

வருடக்கணக்காகக் கன்டெய்னருக்காக ஒரு பார்டரையும் விடாதவள். நான் அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "சரிக்கா" என்றேன். மருந்து இன்னும் பாதிக் குப்பி இருந்தது. காலை, மதியம், மாலை என்று போட்டுவிட்டதும் நான்தான்.

கன்டெய்னர் போனது. அதிலிருந்த ஒரு பெட்டிக்கும் புகார் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளால் இமையைத் திறக்க முடியவில்லை. சென்னை வரை தாங்காது என்று வேலூருக்கு அழைத்துப் போனேன். பட்டியலை எழுதி முடித்ததும், "குடு, பாக்கறேன்" என்றாள். இடது கண்ணுக்கு மூன்று அங்குலத்தில் வைத்தாள், தெரியாமல் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தாள். ஐந்தாம் வரியில் விரல் நின்றது. யார் வாங்கியது, யார் போட்டுவிட்டது என்று அந்த வரியில் இல்லை. மற்ற வரிகளில் யார் செய்தது என்று எழுதிய நான் அதில் மட்டும் எழுதவில்லை. அவள் கை இடுப்புப் பக்கம், அம்பு ஸ்டிக்கர் சுருள் கிடக்கும் ஏப்ரன் பை இருக்கும் இடத்துக்குப் போனது. அன்று ஏப்ரன் இல்லை. தாளை என்னிடம் நீட்டினாள்.

"பாஸ்" என்றாள். "கொண்டு போய்க் குடு."

பெரிய மருத்துவர் விளக்கை வைத்துப் பார்த்தார். பிறகு மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தார்.

"இது ஸ்டீராய்டு. இத யாரும்மா மறுபடி போடச் சொன்னது? பூஞ்சை இருக்கற கண்ல இத ஊத்தினா செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி. வெளிய செவப்பு போயிடும். உள்ள வேர் உட்டுக்கினே இருக்கும்."

"யாரும் சொல்லல டாக்டர். நானே தான் வாங்கிப் போட்டுக்கினேன்."

"கூட இருக்கறவங்க யாரும் பாக்கலயா?"

"இவளா? இவ தொணைக்கி வந்தவ டாக்டர். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் பக்கத்தில் நின்றேன்.

லேசர் செய்தபோது கருவிழியின் மேல் வெட்டித் தூக்கி மறுபடி மூடிவைத்த மெல்லிய படலத்தைத் தூக்கி, அடியில் சுரண்டி எடுத்தார்கள். பிறகு அந்தப் படலத்தையே எடுத்துவிட்டார்கள். மணிக்கொரு முறை சொட்டு மருந்து, வாரக்கணக்கில். லென்ஸிலிருந்து வந்ததா, தோலிலிருந்தா, தூசியிலிருந்தா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சில மாதம் கழித்துக் கருவிழி மாற்றினார்கள். அதுவும் ஒரு வருடத்துக்குள் வெளுத்துப்போனது.

போன மாதம் ராணிப்பேட்டையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து வைத்தார். அவள் ஒரு கைப்பிடி அள்ளி முகத்துக்கு நேரே, மூக்கு இடிக்காத குறையாகக் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. பிறகு இறக்கி மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவிக் கல்லைத் தேடினாள். நான் சொல்ல வந்ததை அன்றும் சொல்லவில்லை. என் துப்பட்டாவின் ஓரம் பிரிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. அம்பு ஒட்டவில்லை.

இப்போது நிலைமை இது. வலது கண்ணுக்கு முன்னால் கையை அசைத்தால் தெரியும், எத்தனை விரல் என்று தெரியாது. இடது கண் தூரத்தை நன்றாகப் பார்க்கிறது, கண்ணாடி தேவையில்லை. பெட்டி ஒட்டும் பிரிவில் வேலை தருவதாகக் கம்பெனி சொன்னது, அவள் போகவில்லை. ஃபைனல் டேபிளில் இப்போது இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் வரியில் உள்ள மருந்தை வாங்கியது நான். போட்டுவிட்டதும் நான்.